கொஞ்ச நேரம் என்று நான் எழுதியது

பிறந்த நான்காம் மாதத்தில் ஒரு நாள், வீட்டில் யாருமே இல்லாமல் என் மகள் தொட்டிலில் கிடந்தாளே, அது எவ்வளவு நேரம்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்பதே இந்த வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை 'கொஞ்ச நேரம்' என்று சொல்லி என்னை நானே சமாளித்து வந்தேன். என் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். படித்த சில நூறு பேரில் ஒருவரும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நாடகமாகப் போட வந்தவர்கள்தான் கேட்டார்கள்.

புத்தகத்தில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டியில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, குழந்தையோடு கோச்சடைக்குக் கணவர் வீட்டுக்கு வந்திருந்த புதிது. அன்று கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா, என் அத்தை, ரேஷன் கடைக்குப் போயிருந்தார். விடிந்ததிலிருந்து அழுத குழந்தை பதினோரு மணி வாக்கில் தூங்கியது. நான் தொட்டிலை இன்னும் இரண்டு தடவை ஆட்டிவிட்டு, வாசல் கதவை வெளியே தாழ்போட்டுவிட்டு, மெயின் ரோட்டுக்கு நடந்து, வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். பர்ஸ்கூடத் தேவைப்படவில்லை. சிம்மக்கல்லில் இறங்கி, மொத்தக் கடைகளுக்கு முன்னால் லாரியிலிருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்பு கனத்து ரவிக்கை நனைந்த பிறகு எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அத்தை கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். மூலையில் ரேஷன் அரிசிச் சாக்கு சாய்ந்திருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு தன் விரல்களையே பார்த்துக் கிடந்தது. எங்கே போனாய் என்று அத்தை கேட்கவில்லை. எப்போது வந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை. "குழந்தை கொஞ்ச நேரம் தனியாக இருந்தது" என்று அந்த அத்தியாயத்தை முடித்திருந்தேன்.

எழுதும்போது தைரியமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் புத்தகம் படிப்பதில்லை என்பதும் அந்தத் தைரியத்துக்கு ஒரு காரணம். கணவர் பதினெட்டாம் பக்கத்தில் ஒரு மருந்துச் சீட்டைச் செருகி வைத்தார். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அத்தை அட்டையைத் தடவிப் பார்த்து, "பேரு பெருசாத்தான் போட்ருக்கான்" என்று சொல்லிவிட்டு டிவி மேல் நிற்க வைத்தார்.

நாடகம் போடுகிறவர் எங்கள் பகுதிக்காரர். கல்லூரி ஆசிரியர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் வீட்டு மாடியில்தான் ஒத்திகை. ஒரே ஒரு நடிகை, ஒரு ஓவியர், ஒரு இசைக்காரர். நடிகை நடிக்கும்போதே ஓவியர் தரையில் உட்கார்ந்து கரித்துண்டால் வரைவார். மேலே ஒரு கேமரா. அவர் வரைய வரைய, பின்னால் கட்டியிருக்கும் வேட்டியில் அது பெரிதாகத் தெரியும். காட்சி மாறும்போது தாளை மாற்ற மாட்டார். உள்ளங்கையால் அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததை வரைவார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் என்பதால் எல்லோருக்கும் அவர் சார். இசைக்காரர் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். முகூர்த்த நாளில் ஒத்திகைக்கு வர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

புத்தகத்தை மேடைக்கு மாற்றி எழுதும் வேலை என்னுடையது. காலையில் மகளை எல்கேஜியில் விட்டுவிட்டு, மாவு அரைத்து, துணி ஊறவைத்த பிறகு மிஞ்சும் நேரத்தில் எழுதுவேன். எழுதியதை சாயங்காலம் அண்ணன் பாதியாகக் குறைப்பார். 'களைப்பாக இருந்தேன்' என்று எழுதிய இடங்களையெல்லாம் அவர் அடித்துவிட்டதில், எத்தனை தடவை அப்படி எழுதியிருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. உண்மையில் அந்த நாட்களைவிட இப்போதுதான் அதிகக் களைப்பு. அப்போது குழந்தை மட்டும்தான்.

அந்த அத்தியாயத்துக்கு வந்த அன்று கிளாரினெட்காரர்தான் முதலில் நிறுத்தினார்.

"தங்கச்சி, இந்தப் பொண்ணு வெளிய போயிருது. மேடையில ஆள் இல்ல. தொட்டில் மட்டும் இருக்கு. அதுக்கு நான் வாசிக்கணும். சரி. எம்புட்டு நேரம் வாசிக்க?"

"கொஞ்ச நேரம்ணே."

"கொஞ்ச நேரம்னா?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"புஸ்தகத்துல இருக்கட்டும்மா. நான் மூச்சுப் பிடிக்கணும்ல? பொண்ணு மாப்ள மாலை மாத்துற வரைக்கும் வாசின்னா வாசிப்பேன். பந்தி முடியிற வரைக்கும்னா அதுக்கும் ஆள் நான்தான். கொஞ்ச நேரம் வாசின்னு எந்தக் கல்யாணத்துலயும் எவனும் சொன்னதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடிகை, கல்லூரி முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது, தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "நிஜத்துல எவ்ளோ நேரம்க்கா?"

பஸ் போக வர ஒரு மணி நேரம். நின்றது அரை மணி. அத்தை ரேஷன் கடையிலிருந்து எப்போது திரும்பினார் என்பது மட்டும் தெரியாது. கால் மணியும் இருக்கலாம், ஒன்றரை மணியும் இருக்கலாம். இதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் மாறிவிட்டது. "சரி விடு, பெறகு பாப்போம்" என்று அண்ணன் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

அத்தையிடம் கேட்டால் முடிந்துவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்க வேண்டுமானால் புத்தகத்தில் இதை எழுதியிருப்பதைச் சொல்ல வேண்டும். ஊருக்கு முன்னால் நடித்துக் காட்டப்போகிறோம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் சோறு பிசையும்போதெல்லாம் அந்தப் பேச்சை மனதுக்குள் தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே விட்டுவிட்டேன்.

கடைசியில் அத்தையே வந்துவிட்டார். வழக்கமாக ஒத்திகை நேரத்தில் மகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவேன். அன்று, "என்னத்தத்தான் பண்றீகன்னு நானும் வந்து பாக்குறேன்" என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறு ஏதாவது காட்சியை வைத்துக்கொள்ளலாம் என்று வழியில் அண்ணனுக்குப் போன் செய்தேன். மறுநாளிலிருந்து நாலு நாள் முகூர்த்தமாம், கிளாரினெட் கிடைக்காதாம், தொட்டில் காட்சியை இன்றே முடித்தாக வேண்டுமாம்.

மாடியில் இரும்புக் குழாயில் பழைய நூல் சேலையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே எதுவும் இல்லை. நடிகை அதன் பக்கத்தில் வந்து நின்று ஆட்டத் தொடங்கினாள். இரண்டாவது ஆட்டு ஆட்டுவதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

"ஏ புள்ள, நிறுத்து! வெறுந் தொட்டில ஆட்டாத!"

நடிகை திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். அத்தை போய்ச் சேலையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். "படிச்ச ஆளுக இத்தன பேரு இருக்கீக. ஒருத்தருக்கும் தெரியலையா? பிள்ளைக்கு ஆகாதுய்யா."

"எங்க வீட்லயும் சொல்லுவாங்க பாட்டி" என்றாள் நடிகை. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். "நான் நடிப்புதானன்னு நெனச்சேன்."

"தொட்டிலுக்குத் தெரியுமா நீ நடிக்கிறேன்னு?"

ஓவியர் சார் ஒரு தலையணையை எடுத்து நீட்டினார். அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேர் வைக்கும் அன்று பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் தொட்டிலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் குழவியைத்தான் கேட்டார். அண்ணன் வீட்டில் மிக்ஸிதான். கீழ்வீட்டு அக்கா துணி துவைக்கிற இடத்திலிருந்து ஒரு பழைய குழவியைத் தூக்கி வந்து கொடுத்தார். அத்தை அதைத் தன் முந்தானையால் துடைத்து, ஒரு துண்டில் சுற்றி, உள்ளே கிடத்திவிட்டு, "இப்ப ஆட்டு" என்றார்.

இதுவரை நடந்த ஒத்திகைகளில், நடிகை கையை எடுத்ததும் சேலை இரண்டு முறை அசைந்து தொங்கிவிடும். அவள் கதவு வரை போவதற்குள் மேடையில் எல்லாம் அடங்கியிருக்கும். இப்போது கல்லின் பாரத்தோடு தொட்டில் தாழ்ந்து தொங்கியது. அவள் இரண்டு தடவை ஆட்டிவிட்டு நடந்தாள், கதவைச் சாத்தினாள், தாழ்போட்டாள், படியில் இறங்கினாள். தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. குழாய் கிறீச் கிறீச் என்றது. கிளாரினெட்காரர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். வேட்டியில் ஓவியர் சாரின் கை கதவை வரைந்தது, தாழ்ப்பாளை வரைந்தது, மூலையில் ஒரு சாக்கை வரைந்தது.

என் மகள் ஓவியர் சார் பக்கத்தில் ஒரு கரித்துண்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் குரல்தான் கேட்டது.

"தொட்டில்ல பாப்பா இருக்கா?"

"இருக்கு" என்றார் சார், கையை எடுக்காமல்.

"அதோட அம்மா எங்க?"

சாரின் கை நின்றது. கிளாரினெட்டும் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபட்டார்கள். அத்தைதான் சொன்னார்: "கடைக்குப் போயிருக்கா. வந்துருவா."

"எப்ப வருவா?"

தொட்டில் இன்னும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். மகள் அத்தை தோளிலேயே தூங்கிவிட்டாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. பாதி வழியில் கேட்டார்.

"இத புஸ்தகத்துல போட்டுட்டியா?"

"போட்டேன் அத்தை."

"நான் அவரைக்கா உரிச்சேன்னும் போட்ருக்கியாம்? படம் வரையிறவரு எல்லாத்தையும் சொன்னாரு. வாயுன்னு நான் அவரைக்காயத் தொட்டே பத்து வருசம் இருக்கும். எதப் பாத்து எழுதுன?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவரைக்காய் இல்லையென்றால் அவர் கையில் இருந்தது என்ன? இத்தனை வருடமும் அவரைக்காயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் கேட்டேன். நாலு வருடம் கழித்து. "நீங்க வரும்போது அவ எம்புட்டு நேரம் தனியா இருந்துருப்பா அத்தை?"

"கால் மணி நேரங்கூட இருக்காது. அரிசி இன்னும் எறங்கலைன்னுட்டான். போன காலோட திரும்பிட்டேன். நீ அந்தத் தெரு முக்குத் திரும்புறதக்கூடப் பாத்தேன். கூப்புடல."

"ஏன் கூப்பிடல?"

"கடைக்குப் போறன்னு நெனச்சேன். வேற எங்க போவ?" என்று சொல்லிவிட்டு மகளை அடுத்த தோளுக்கு மாற்றினார். "பிள்ளைய போட்டுட்டு எந்திரிச்சு ஓடிரலாம்னு எவளுக்குத்தான் தோணல? நீ சிம்மக்கல் வரைக்கும் போயிட்டு வந்ததுக்கு ஒரு புஸ்தகம், ஒரு நாடகம்."

அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். கால் மணி நேரம். அதைச் சொல்லிக்கொண்டே தூங்கினேன்.

மறுநாள் காலை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, டிவி மேலிருந்த புத்தகத்தை எடுத்தேன். மூலையில் ரேஷன் அரிசிச் சாக்கு. நானே எழுதியது. அரிசி இறங்கவில்லை என்றால் சாக்கு எங்கிருந்து வந்தது? அரிசி வாங்கியிருந்தால் வரிசையில் நின்றிருப்பார், கால் மணியில் வந்திருக்க முடியாது. அப்படியானால் முக்கில் என்னைப் பார்த்ததாகச் சொன்னதும் எனக்காகச் சொன்னதுதான். அல்லது சாக்கும் அவரைக்காயைப் போலத்தானோ? அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறதென்று நானாகவே கொண்டுவந்து வைத்ததோ? நான்காவது முறை திருத்தி எழுதியபோது என்னென்ன சேர்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. அழகாக இருக்க வேண்டுமென்று சேர்த்ததையும் கண்ணால் பார்த்ததையும் இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை.

அத்தையிடம் சாக்கைப் பற்றிக் கேட்டேன். "முந்தின மாச அரிசியா இருக்கும்" என்றார். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னார்.

"ஒண்ணு செய்யி. நான் வீட்லதான் இருந்தேன், அசந்து தூங்கிட்டேன்னு மாத்தி வையி. நீயும் கிழவி இருக்காள்னு நம்பித்தான் போன. நாடகந்தான, யாரு வந்து பாத்தா? நாளைக்கிப் பிள்ளை பெருசானா ஒன்னையக் கேக்கும். என்னையக் கேக்குறதுக்கு நான் இருக்கவா போறேன்."

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வரை அதை ஒரு வழியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

அண்ணனிடம் சொன்னேன். "ஒம் புஸ்தகம், ஒம் முடிவு. எடுக்கணும்னாலும் எடுத்துருவோம்" என்றார். அவர் மனதில் வேறு இருந்தது முகத்தில் தெரிந்தது. நடிகை எழுந்து கதவுவரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"உள்ள பாட்டி படுத்துருக்காங்கன்னு நெனச்சு நடந்தா கால் சாதாரணமாத்தான்க்கா போகுது. அது பால் வாங்கப் போற மாதிரி இருக்கு. அதுவும் நடிக்கலாம். ஆனா அப்ப எதுக்கு தாழ்ப்பாள் போடுறேன்?"

காட்சியை மாற்ற வேண்டாம் என்றேன். அவரைக்காயையும் சாக்கையும் மட்டும் எடுத்துவிட்டோம். "எம்புட்டு நேரம்?" என்ற கேள்விக்கு, தொட்டில் தானாக நிற்கும்வரை வாசிக்க வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தார். கைப்பேசியில் அளந்து பார்த்தோம். ஒன்றரை நிமிடம், சில நாள் அதற்கும் குறைவு. பார்ப்பவர்களுக்கு அது பெரிய நேரம். எனக்கு அது ஒரு பொய் மாதிரியும் இருக்கிறது. மேடையில் அதற்கு மேல் தாங்காது என்கிறார்கள்.

முடிவை அத்தையிடம் சொன்னபோது சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அப்ப அவளும் வந்து பாக்கட்டும்" என்றார்.

"சின்னப் பிள்ளை அத்தை."

"ஊரே பாக்கும், அவ மட்டும் பாக்கக் கூடாதா? பெரியவளாகி எவ வாயாலயோ கேக்குறதுக்கு, இப்பப் பாத்துட்டுப் போகட்டும். நான் மடியில வச்சுக்கிறேன். முன்னாடி வரிசையில எடம் போட்டு வையி."

கணவரிடம் கேட்டேன். "அது பாதியிலயே தூங்கிரும். நீ சும்மா பயப்படாத" என்றார். அவர் இன்னும் பதினெட்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

மகளோ இப்போதே தயாராக இருக்கிறாள். கரித்துண்டு கேட்டு அழுகிறாள். ஒத்திகைக்கு வந்த நாளிலிருந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். என் துப்பட்டாவை நாற்காலிக் கைகளில் கட்டி, பொம்மையைப் போட்டு ஆட்டிவிட்டு, "அம்மா கடைக்குப் போறேன்" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். அங்கே நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். பள்ளியில் இருபதுவரைதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இருபது வந்ததும் ஓடிவந்து பொம்மையைத் தூக்கிக்கொள்கிறாள். அவளுக்கு அதில் எந்தத் துயரமும் இல்லை. சமையலறையிலிருந்து பார்க்கும் நான்தான் இருபது வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நாடகம் அடுத்த வாரம், ஒரு பள்ளிக்கூட அரங்கில். காட்சி முடிந்ததும் நடிகை வந்து வணங்கி, இது ஒரு தாய் எழுதியது, அவர் இங்கே இருக்கிறார் என்று என்னைக் காட்டுவாள். அந்த நேரத்தில் என் மகள் அத்தை மடியில் உட்கார்ந்திருந்தால், தொட்டிலில் இருந்தது யார் என்று அவளுக்குப் புரிந்துவிடலாம். புரியாமலும் போகலாம். அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தால், அவளைப் பற்றிய ஒன்றை அவள் இல்லாத இடத்தில், அவளைத் தவிர எல்லோருக்கும் காட்டியவளாக இருப்பேன். முன்பு ஒருமுறை அவளை விட்டுவிட்டுப் போனதைச் சொல்வதற்காக இன்னொரு முறை விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்றும் தோன்றுகிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை முடிவெடுத்து மூன்று தடவை மாற்றுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் சிறு பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் அம்மாவைப் பற்றி இப்படி ஒன்றைச் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டவர்களும் இருக்கலாம். உங்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். நாலரை வயதுப் பிள்ளையை அந்த முன்வரிசையில் உட்கார வைக்கலாமா? உட்கார வைத்து, "அம்மா எங்க?" என்று அவள் மறுபடியும் சத்தமாகக் கேட்டால், கடைக்குப் போயிருக்கிறாள் என்று அத்தை சொல்வதை விட்டுவிடவா, நானே ஏதாவது சொல்லவா? சொல்வதென்றால் அந்த வயதுக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.